பாய்மரம் துறந்த போர்க்கப்பல்கள்

மாத்தளைக்கு வடக்கே பலாபத்வலையைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து இவ்வுரையைக் கேட்போருக்குக் கடல் தூரத்து விஷயமே. ஆயினும் கோப்பிக் காலத்தில் அவர்களுடைய முன்னோர் காற்றை நம்பிப் பாய்த்தோணிகளில் மன்னார்க் கரை சேர்ந்து, வனாந்தரம் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்துகொண்டிருந்த நாட்களிலேயே, பாயை அடியோடு துறந்த இரண்டு இரும்புக்கவசக் கப்பல்கள் பம்பாய்த் துறைமுகத்தில் காவல் நின்றன.

அபிசீனியா, மக்தலா என்பவை அவற்றின் நாமங்கள். பம்பாயிலிருந்து சென்ற சேனை 1868இல் எத்தியோப்பியச் சக்கரவர்த்தி தெவோத்ரோஸின் மக்தலாக் கோட்டையைப் பிடித்த ஜயத்தை அவை பறைசாற்றின. யாருடைய வீழ்ச்சியை யாருடைய துறைமுகத்தில் கொண்டாடினார்கள் என்பது வேறு கதை.

அக்காலத்து நீராவி யந்திரங்கள் நிலக்கரியை அளவின்றி விழுங்கியமையால், சமுத்திரம் கடக்கும் கப்பல் பாயையும் சுமந்தே தீரவேண்டியிருந்தது. ஆனால் சுழலும் பீரங்கிக் கோபுரத்தை அமைத்தபின், பாய்மரமும் கயிறுகளும் குண்டு செல்லும் திசைகளை மறைத்தன. இரண்டையும் ஒருங்கே வைத்துக்கொள்ள விரும்பிய ஆங்கிலக் கடற்படை அதிகாரி கௌப்பர் கோல்ஸ், நீர்மட்டத்துக்குச் சற்றே உயர்ந்த மேல்தளத்தின்மீது நெடிய பாய்மரங்களை நாட்டி ‘கேப்டன்’ என்ற கப்பலைக் கட்டுவித்தார். சூறைக்காற்றில் குடை விரித்து வயல்வரம்பில் நடப்பவனைப்போல அது 1870 செப்டம்பர் 7ஆம் திகதி, நள்ளிரவு கடந்த வேளையில் பினிஸ்டர் முனைக்கு அப்பால் கவிழ்ந்தது. கோல்ஸ் உட்பட ஏறக்குறைய 480 பேர் மாண்டனர்.

அந்த அமைப்பை முன்னமே ஆட்சேபித்த எட்வர்ட் ரீட் என்ற நிபுணரோ, துறைமுகக் காவற் கப்பலுக்குக் கரி எப்போதும் அருகிலிருக்கும் என்பதை உணர்ந்து, பாயை நீக்கி, தாழ்ந்த மேல்தளத்தின் நடுவே கவசமிட்ட ஒரு மேடையை எழுப்பி, அதன் இரு முனைகளிலும் கோபுரத்துக்கு இரண்டாகப் பத்து அங்குலப் பீரங்கிகளை நிறுத்தினார். பம்பாய்க் கப்பல்களும் மெல்போர்னுக்கான ‘செர்பரஸ்’ஸும் இவ்வாறே உருவாயின. ஆங்கிலக் கடற்படை தன் சமுத்திரக் கப்பலில் இத்துணிவைக் காட்டியது பிறகுதான்: ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட கரி கொள்ளும் ‘டெவஸ்டேஷன்’ 1873இல்தான் முற்றுப்பெற்றது.

வேடிக்கை என்னவெனில், பாயின்றிப் பிறந்த மக்தலா பம்பாய் வந்து சேரும் வரைக்கும் தற்காலிகமாக மூன்று பாய்மரங்களைத் தாங்கியே பிரயாணம் செய்தது! வந்தபின் குண்டுப் பயிற்சிக்காக எப்போதாவது கடலுக்குள் சென்று திரும்பியதன்றி வேறு யுத்தம் கண்டதில்லை; 1903இல் அதனையும் அபிசீனியாவையும் விற்றுவிட்டார்கள். 1926இல் அலைதடுப்பாக மூழ்கடிக்கப்பட்ட செர்பரஸ் மட்டும் மெல்போர்னுக்கருகே பிளாக் ராக் கடற்கரையோரம் துருவேறிக் கிடக்கிறது.