கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க
(சங்கக் கூட்டத்தில் பேசியது)

ஆங்கிலத்தில் ‘அட்ஜஸ்ட்’ என்றால் பொருந்தும்படி திருத்துவது: மூக்குக் கண்ணாடி, நாற்காலியின் உயரம், பைக்கின் பிரேக். புது ஊருக்குப் பழகுவதற்கும் அதே சொல். கணக்கில், முன்பணத்தைப் பாக்கியில் கழிப்பது. நம் பொருளாளருக்கு அத்துப்படி.

தமிழில் ‘பண்ணிக்கோங்க’ ஒட்டியதும் சொல்லின் குணமே மாறிவிட்டது. மூவர் சீட்டில் நான்காவது ஆளாக உட்காருபவர் சொல்கிறார். அடுத்தவர் பார்க்கிங்கில் காரை விட்டவரும் சொல்கிறார். கவனித்தீர்களா? சொல்பவர் அசையமாட்டார், கேட்பவர்தான் நகரவேண்டும். லிஃப்ட் நின்ற வாரம், மூன்றாம் மாடிப் பாட்டியிடம் எத்தனை பேர் அதைச் சொன்னார்கள்! அந்த வாரம் முழுக்க அவர் கீழே இறங்கவே இல்லை.

அடுத்த மாதம் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார்கள். அறிவிப்பில் அந்தச் சொல் வேண்டாம், தண்ணீர் எத்தனை மணிக்கு நிற்கும், எப்போது வரும் என்று எழுதுங்கள் எனச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன்.