அவன் உடைத்தால் மண்குடம்

1973-இல் அமெரிக்காவின் ‘ஸ்டார் டிரெக்’ விண்வெளித் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் தாங்களே அச்சிட்டுப் பரிமாறிக்கொண்ட ‘மெனாஜரி’ சிற்றிதழில், பாலா ஸ்மித் என்ற பெண் ஒரு குட்டிக் கதை எழுதினார். நாயகி லெப்டினன்ட் மேரி சூ, வயது பதினைந்தரை. கேப்டன் கிர்க் பார்த்ததும் காதலில் விழுகிறார், தர்க்கத்துக்குப் பேர்போன ஸ்பாக்கே அவள் தர்க்கத்தை மெச்சுகிறார், அவள் செத்ததும் அத்தனை பேரும் அழுகிறார்கள், அவள் பிறந்தநாள் கப்பலுக்கே விடுமுறை! தங்களையே நாயகியாக்கி எழுதித் தள்ளிய ரசிகைகளைக் கிண்டலடித்த அருமையான நையாண்டி. அதோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தப் பெயரை வசவாக்கி, கெட்டிக்காரப் பெண் பாத்திரம் எது வந்தாலும் அதன் நெற்றியில் ஒட்டுகிறார்களே, அதோடுதான் சண்டை. இந்தப் பட்டத்துக்கு அஞ்சிப் பெண் பாத்திரங்களைப் படைக்கவே தயங்கிய ரசிகை எழுத்தாளர்களைப் பற்றி, கமில் பேக்கன்-ஸ்மித் 1992-இலேயே தம் ஆய்வு நூலில் எழுதிவிட்டார். அந்த ரசிகர் உலகில் கதை எழுதியவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2015-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ரே வந்தாள். பழக்கமில்லாத கப்பலை ஓட்டினாள், வாள்சண்டையில் வென்றாள். உடனே மேரி சூ என்றார்கள். அதே பட வரிசையில், 1977-இல் பண்ணைப் பையன் லூக், போர்விண்கலம் ஓட்டிய முதல் தடவையே எதிரியின் டெத் ஸ்டார் நிலையத்தைத் தகர்த்தான். 1999-இல் ஒன்பது வயது அனகின், எதிரியின் கட்டுப்பாட்டுக் கப்பலை ஏறக்குறைய தற்செயலாகவே வெடிக்கவைத்தான். அவர்களிடம் பயிற்சிச் சான்றிதழ் கேட்டு இவ்வளவு கூச்சல் எழவில்லையே! மருமகள் உடைத்தால் மட்டும் பொன்குடமா?

ஆணுக்கும் ‘கேரி ஸ்டூ’ என்ற பட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பின்னால் ஒப்புக்குச் சேர்த்த நகலாக. ‘ஸ்டார் டிரெக்’கின் கெட்டிக்காரப் பையன் வெஸ்லி கிரஷரையும் ரசிகர்கள் வறுத்தெடுத்தார்களே என்பார்கள். உண்மைதான், படைப்பாளி ஜீன் ராடன்பெரியின் நடுப்பெயரே வெஸ்லி, ஆகவே கிண்டலுக்கு நியாயமும் உண்டு. ஆனால் வெஸ்லியை வெறுத்தவர்கள் வெஸ்லியோடு நிறுத்திக்கொண்டார்கள். அடுத்து வந்த ஒவ்வொரு கெட்டிக்காரப் பையனுக்கும் அவன் பெயரைச் சூட்டவில்லை.

அப்படியானால் பெண் பாத்திரத்தை விமர்சிக்கவே கூடாதா? தாராளமாக விமர்சியுங்கள். ரே வென்றது, சூபாக்கா சுட்ட குண்டுக் காயத்தோடு ரத்தம் சிந்திக்கொண்டிருந்த வில்லன் கைலோ ரென்னை. அந்தக் காயம் போதுமான காரணமில்லை என்றால், அந்தக் காட்சியை எடுத்துவைத்து வாதாடுங்கள். திரைக்கதை எழுதியவர்களைக் கேளுங்கள். ரேவுக்குக் கேட்கும் அதே கேள்வியை லூக்குக்கும் கேளுங்கள்.