வீடும் வேண்டும், ஏரியும் வேண்டும்!
(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



தோணிரேவுக் கரையில் கட்டும் வீட்டைப் பற்றி மில் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. குடியிருக்க ஒரு வீடு என்பது நம் எல்லோருடைய கோரிக்கை. அந்த வீடு எங்கே கட்டப்படுகிறது, அதனால் கிணறும் தொழிலும் என்னவாகும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்ப்பதும் நம் கோரிக்கையாக வேண்டும்.

தோணிரேவு, திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவர் கிராமம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. ஆரணியாற்றின் நன்னீரும் முகத்துவாரம் வழியே ஏறும் கடல்நீரும் இங்கே கலக்கின்றன. கடலில் பொரித்த இறால் குஞ்சு இந்த ஏரிக்கு வந்துதான் வளர்கிறது. வலை வைத்திருப்பவரும் பிழைப்பது அதனால்தான். வலையில்லாமல் கையால் தடவி இறால் பிடிக்கும் பரம ஏழையும் பிழைப்பது அதனால்தான்.

இப்படிப்பட்ட கரையில் நூறு வீடு கட்டுவதாக வைத்துக்கொள்வோம். சின்ன வேலைதானே, இதற்கு என்ன பரிசோதனை என்பார்கள். சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால்தான் முன் அனுமதி தேவை. 400 சதுர அடியில் ஐந்நூறு வீடு கட்டினாலும் அந்த வரம்பைத் தொடாது! வரம்பைத் தாண்டிய கட்டடங்களுக்கும் ஜனங்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டியதில்லை என்று அதே அறிவிக்கை விலக்குக் கொடுத்திருக்கிறது.

சர்க்கார் கணக்குப் பார்க்காவிட்டால் நாம் பார்ப்போம். பெரிய படிப்பு வேண்டாம்.

முதலில் தண்ணீர். வீட்டுக்கு ஐந்து பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நூறு வீட்டுக்கு 27,500 லிட்டர். இதை அங்கேயே போர் போட்டு இறைத்தால் என்ன நடக்கும்? கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீரின்மேல் மிதக்கிறது. மேலே நல்ல தண்ணீர் மட்டம் ஒரு அடி இறங்கினால், அடியில் உப்புத்தண்ணீர் நாற்பது அடி வரை ஏறக்கூடும். இது ஏட்டுக் கணக்கு அல்ல. பக்கத்து மீஞ்சூர் வட்டாரத்தில் சென்னை நகரத்துக்கும் ஆலைகளுக்கும் நிலத்தடி நீரை இறைத்தார்கள். 1960களின் இறுதியிலேயே கடல்நீர் நிலத்தடியில் புகுந்தது தெரிந்தது. பிறகு பல கிலோமீட்டர் உள்ளே போய்விட்டது. கிணறு உப்பானால் முதலில் வேலை இழப்பவர் நிலச்சுவான்தாரா? இல்லை, நாற்று நடுகிற கூலிக்காரர்!

இரண்டாவது கழிவு. வந்த தண்ணீரில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது தினம் 22,000 லிட்டர், சாக்கடையாக வெளியே வரும். மணல் தரை, தோண்டினால் சில அடியில் ஊற்று. அங்கே சாதாரண உறிஞ்சு குழி போட்டால், கழிவு ஒரு பக்கம் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் மறுபக்கம் ஏரிக்கும் போகும். வாந்திபேதி குடிசைக்கு வரும், இறால் வலைக்கு வராது.

மூன்றாவது மண். ஒரு ஏக்கர் பள்ளத்தை மூன்று அடி உயர்த்த 1,30,000 கன அடிக்கு மேல் மண் வேண்டும். மூன்று யூனிட் லாரியில் நானூறு லோடுக்கு மேல். அந்த மண் எந்த ஏரியிலிருந்து, யாருடைய வயலிலிருந்து வருகிறது? மேடாக்கிய இடத்தில் நின்ற மழைத்தண்ணீர் யார் குடிசைக்குள் போகிறது?

பள்ளிக்கரணையைப் பாருங்கள். ஒருகாலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் இருந்த சதுப்பு நிலம், சில நூறு ஹெக்டேராகச் சுருங்கியது. ஒரே நாளில் அல்ல, மனைமனையாக, சாலைசாலையாக. ஒவ்வொன்றும் "சின்ன வேலை"தான். 2015 டிசம்பர் வெள்ளம் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிக் காட்டியது. ஆகவே ஒரு மனையைத் தனியாகப் பார்ப்பது ஏமாற்று. ஏற்கெனவே வந்ததையும் இனி வரப்போவதையும் சேர்த்துப் பார்ப்பதே நேர்மையான மதிப்பீடு.

நான்காவது தொழில். தோணி கட்டும் துறை, வலை காயவைக்கும் திடல், மீன் உலர்த்தும் இடம், ஏரிக்குப் போகும் பாதை — இவற்றுக்குப் பெரும்பாலும் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் வரைபடத்தில் காலி இடம் என்று எழுதிவிடுவார்கள். காலி இடமல்ல அது, மீனவரின் பட்டறை!

அப்படியானால் வீடே கட்டக்கூடாதா? அப்படிச் சொல்பவர் குடிசையில் மழைக்காலம் கழித்ததில்லை. தமிழ்நாட்டுப் பகுதி ஏரி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவை வாழட்டும், மீனவனும் வாழட்டும். பூநாரைக்கு இரை கொடுக்கும் தண்ணீரும் மீனவனுக்குச் சோறு போடும் தண்ணீரும் ஒன்றே. ஏழைக்கு வீடு மறுக்க ஏரியைச் சாக்குச் சொல்வதையும், ஏரியைத் தூர்க்க ஏழையைச் சாக்குச் சொல்வதையும் நாம் சேர்த்தே எதிர்க்கிறோம்.

சட்டத்தில் நமக்குப் பிடி இருக்கிறது. 1991 முதல் உள்ள கடற்கரை ஒழுங்குமுறை, அலையேற்றம் எட்டும் ஏரிக்கரைக்கும் பொருந்தும். மீனவர் கிராமங்களையும் பொது இடங்களையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும், அவர்களது நீண்டகால வீட்டுத் தேவைக்குத் திட்டம் போட வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு அறிவிக்கை எழுதியது. எழுதியது காகிதத்தில் கிடந்தால் போதாது.

தமிழ்நாட்டில் மே 1ஆம் தேதி கிராம சபை கூடும் நாள். அது நம் நாளும்கூட. ஆணும் பெண்ணும் திரண்டு போக வேண்டும். குடிதண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே, மண் எங்கிருந்து, மழைத்தண்ணீர் எவ்வழி, துறையும் திடலும் எங்கே என்ற ஐந்து கேள்விக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். மேட்டில் வீடு, ஊற்றைத் தொடாத கக்கூஸ், குழாய்த் தண்ணீர், பொது இடத்துக்கு வரைபடத்தில் பதிவு என்று தீர்மானம் போடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உழைப்பவனுக்கு வீடு வேண்டும். அந்த வீட்டு வாசலில் உழைக்க ஏரியும் இருக்க வேண்டும். இரண்டையும் கேட்போம், இரண்டையும் பெறுவோம்!