அப்பத்தா ஏன் கார் கண்ணாடியை இறக்கச் சொல்லுச்சு?

இன்னைக்கு ஒரு பழைய காரோட கதை. உங்ககிட்ட கார் இல்லாட்டியும் கேளுங்க, பைக் இருந்தாலே போதும். புகை டெஸ்ட் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

எங்க ஊரு சாக்கோட்டை. காரைக்குடிக்குப் பக்கம். வீட்டுல ஒரு மாருதி 800 நிக்குது, 1996 மாடல். ஆர்.சி. புக்குல வெள்ளைன்னு போட்டிருக்கும். இப்போ பார்த்தா மோர் கலர். அப்பா பக்கத்துல புதுவயல்ல ஒரு அரிசி மில்லுல கணக்கு எழுதினவர். ரிட்டயர் ஆகுற வரைக்கும் அந்தக் கார் தினமும் மில் வாசல்லதான் நிக்கும். இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால தேவைப்படும்.

நான் சென்னையில வேலை பார்க்குறேன். பொங்கல் லீவுக்குப் போனப்போ அப்பத்தாவைக் கண் டாக்டர்கிட்ட காட்ட காரைக்குடிக்குக் கூட்டிட்டுப் போனோம். ஏறின உடனே அப்பத்தா ஆரம்பிச்சிடுச்சு: "கண்ணாடியை இறக்கு, தலை கிறுகிறுங்குது, பெட்ரோல் வாடை அடிக்குது." அப்பா வழக்கம்போல, "வயசாயிட்டா அப்படித்தாம்மா இருக்கும்"னாரு. நானும் சிரிச்சேன். ரெண்டு மூணு வருஷமா அப்பத்தா இதையேதான் சொல்லிட்டு இருந்துச்சு. நாங்களும் இதையேதான் பதிலா சொல்லிட்டு இருந்தோம்.

திரும்பி வந்ததும் பேப்பரெல்லாம் எடுத்துப் பார்த்தேன். பொல்யூஷன் சர்ட்டிபிகேட் அடுத்த வாரம் முடியுது. பிஎஸ்-4, பிஎஸ்-6 வண்டின்னா ஒரு வருஷம் செல்லும். அதுக்கு முந்தின வண்டிக்கு ஆறு மாசம்தான். இல்லாம ஓட்டினா, 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம்.

அப்பா சர்வ சாதாரணமா சொன்னாரு: "வண்டியைக் கொண்டுபோக வேண்டாத்தா. ஒரு ஆளு இருக்கான். போட்டோ அனுப்பினா போதும், சாயங்காலம் சர்ட்டிபிகேட் வந்துடும்."

அவரை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. 2017-ல உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டுச்சு, இந்தச் சர்ட்டிபிகேட் இல்லாத வண்டிக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கக் கூடாதுன்னு. அந்த நிபந்தனையை 2024-ல நீதிமன்றமே எடுத்துடுச்சு, ஆனா சர்ட்டிபிகேட் வச்சிருக்கணும்கிற சட்டம் அப்படியே இருக்கு. நடுவுல பல பேருக்கு இது ஒரு பேப்பர் சமாச்சாரமாவே ஆகிப்போச்சு. எங்க வீட்டுலயும்தான்.

எனக்கு என்னமோ அன்னைக்கு நிஜமாவே டெஸ்ட் எடுத்துப் பார்க்கணும்னு தோணுச்சு. காரைக்குடியில ஒரு சென்டருக்கு ஓட்டிட்டுப் போனேன். சைலன்சருக்குள்ள ஒரு கம்பிக் குழாயை விட்டாங்க. எஞ்சினை ஐடிலிங்ல வச்சாங்க. ரெண்டு நம்பர் வந்துச்சு. கார்பன் மோனாக்சைடு 5.4 சதவீதம். ஹைட்ரோகார்பன் 1,980 பிபிஎம்.

எங்க கார் மாதிரி பிஎஸ்-2-க்கு முந்தின பெட்ரோல் காருக்கு அனுமதி 3 சதவீதம், 1,500 பிபிஎம். ரெண்டுலயும் ஃபெயில். பிஎஸ்-4 காருக்கு இதே அளவு 0.3 சதவீதம், 200 பிபிஎம்தான். எங்க காருக்கு ஏன் இவ்வளவு சலுகைன்னா, அதுல கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கிடையாது. 1995-ல சென்னை உட்பட நாலு பெருநகரங்கள்ல விக்கிற புதுக் கார்களுக்குத்தான் அதைக் கட்டாயமாக்கினாங்க. ஈயம் கலந்த பெட்ரோல் ஊத்தினா கன்வெர்ட்டர் கெட்டுடும். ஈயமில்லாத பெட்ரோல் நாடு முழுக்க வந்து சேர 2000 ஆச்சு. ஆக, எங்க கார்ல எஞ்சின்ல இருந்து வர்றது அப்படியே வெளியில வரும். நடுவுல சுத்தம் பண்ண எதுவும் இல்ல.

வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டை அப்பாகிட்ட கொடுத்தேன். அவர் ஒண்ணும் பேசல. உள்ள போய் பழைய சர்ட்டிபிகேட் நாலையும் எடுத்துட்டு வந்து வரிசையா மேசை மேல வச்சார். ரெண்டு வருஷத்துக்கான நாலு பேப்பர். நாலுலயும் நம்பர் கிட்டத்தட்ட ஒண்ணுதான், எல்லாம் ரொம்ப நல்ல நம்பர். முப்பது வருஷம் கணக்கு எழுதின மனுஷன், கண்ணாடியைக் கழட்டிட்டுச் சொன்னார்: "மில்லுல எவனாவது நாலு மாசத்துக்கு ஒரே இருப்பைக் காட்டினா நான் விட்டிருப்பேனா? இது எந்த வண்டியோட புகையோ."

கொஞ்ச நேரம் கழிச்சு அவரே கேட்டார்: "அம்மா சொன்னது நிசந்தானோ?"

இந்த எபிசோட்ல நான் சொல்ல வந்ததே இந்த இடம்தான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிக்கிறதை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா இதைப் பிடிச்சுக்கும். 5.4 சதவீதம்னா 54,000 பிபிஎம். மூடின அறையில சில ஆயிரம் பிபிஎம் இருந்தாலே அரை மணிக்குள்ள உயிர் போகலாம். சைலன்சர்ல இருந்து வர்றது வெளிக்காத்துல கலந்து குறைஞ்சுடும், சரி. ஆனா எங்க கார்ல பின்கதவு ரப்பர் எப்பவோ காய்ஞ்சு வெடிச்சுப் போச்சு. சைலன்சர் குழாய்லயும் ஒரு ஓட்டை. அப்பத்தா உட்கார்ற இடம் பின் சீட்டு.

சரி, சரி பண்ணோமா? முதல்ல தப்பாத்தான் பண்ணோம். அப்பாவே ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து கார்புரேட்டர்ல மிக்ஸ்சர் ஸ்க்ரூவை டைட் பண்ணிட்டார். பெட்ரோல் குறைஞ்சா புகை குறையும்னு கணக்கு. மறுபடி டெஸ்ட். கார்பன் மோனாக்சைடு 1.2-க்கு இறங்கிடுச்சு. ஆனா ஹைட்ரோகார்பன் 2,600-க்கு ஏறிடுச்சு! எஞ்சின் நடுங்குது.

அப்புறம்தான் ஊர்ல ஒரு வயசான மெக்கானிக் அண்ணன்கிட்ட போனோம். அவர் ரெண்டு ரிப்போர்ட்டையும் பார்த்துட்டு, ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் படிக்கிற டாக்டர் மாதிரி சொன்னார்: "பாப்பா, கார்பன் மோனாக்சைடு ஏறினா பெட்ரோல் அதிகம், இல்லாட்டி காத்துப் பத்தல. ஹைட்ரோகார்பன் ஏறினா பெட்ரோல் எரியாமலே தப்பிச்சு ஓடுது. உங்க வண்டிக்கு ரெண்டு வியாதியும் இருக்கு. ஸ்க்ரூவைத் திருகி காய்ச்சலை மறைச்சீங்க, அவ்வளவுதான்."

முதல்ல ஏர் பில்டரைக் கழட்டினார். உள்ள முழுக்க உமித் தூசி. மில் வாசல்ல நின்ன காரு இல்லையா? எஞ்சின் மூச்சு விட முடியாம இருந்திருக்கு. ரெண்டாவது, சோக் கேபிள் துரு பிடிச்சு சிக்கியிருந்துச்சு. சோக்னா குளிர்ல ஸ்டார்ட் பண்றப்போ காத்தைக் குறைக்கிற தகடு. டேஷ்போர்டுல பட்டனை உள்ள தள்ளிட்டோம்னு நாம நினைப்போம், தகடு பாதி மூடியே நிக்கும். இந்த ரெண்டும்தான் அந்த 5.4.

மூணாவது, பிளக். மூணு சிலிண்டர்ல ஒரு பிளக் கரி பிடிச்சுக் கருப்பா இருந்துச்சு. அந்தச் சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாம வெளியில வந்திருக்கு. ஹைட்ரோகார்பனும் அதனாலதான், அப்பத்தா சொன்ன பெட்ரோல் வாடையும் அதனாலதான். கூடவே பழைய ஆயிலை மாத்தினார். பெட்ரோல் கலந்த ஆயில்ல இருந்து கிளம்புற ஆவியும் எஞ்சினுக்குள்ளயே போய் நம்பரை ஏத்தும்.

கடைசியா சைலன்சர் ஓட்டைக்கு வெல்டிங், பின்கதவுக்குப் புது ரப்பர். சிலர் ஓட்டையை அப்படியே விட்டுட்டு டெஸ்ட்டுக்குப் போவாங்க, வெளிக்காத்து கலந்து நம்பர் குறையும்னு. நாலு வாயுக்களையும் அளக்கிற மெஷின்ல அது மாட்டிக்கும். கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு ஆக்சிஜன் ஏறியிருந்தா காத்து கலக்குதுன்னு அர்த்தம். அந்த ஆக்சிஜனை அளக்கிறது ஒரு சின்ன மின்வேதியியல் செல். மின்வேதியியலுக்குன்னே ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் 1953-ல இருந்து காரைக்குடியில இருக்கு, நாங்க அதைத் தாண்டிதான் போட்டோ அனுப்பி சர்ட்டிபிகேட் வாங்கிட்டு இருந்திருக்கோம்!

இதையெல்லாம் முடிச்சுட்டுத்தான் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் தொட்டார். டெஸ்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இருபது நிமிஷம் நல்லா ஓட்டச் சொன்னார். குளிர்ந்த எஞ்சின்ல எந்த நம்பரும் நல்லா வராது. இது உங்க பைக்குக்கும் பொருந்தும்.

மூணாவது டெஸ்ட். கார்பன் மோனாக்சைடு 1.9. ஹைட்ரோகார்பன் 540. பாஸ்.

மொத்தச் செலவு நாலாயிரத்துக்குள்ள. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தது இப்ப 14-க்கு மேல கொடுக்குது. எரியாம வெளியில போனது எங்க காசுதான்னு அப்பா கணக்குப் போட்டுக் காட்டினார்.

"இவ்வளவு பழைய காரை எதுக்கு வச்சிருக்கீங்க, ஸ்கிராப்புக்குப் போடுங்க"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். எவ்வளவு ட்யூன் பண்ணினாலும் இது புதுக் கார் அளவுக்குச் சுத்தமாகாது. வீட்டுல அந்தப் பேச்சும் ஓடிட்டு இருக்கு. ஆனா ஓடுற வரைக்கும் ஒழுங்கா ஓடணும்.

அப்பத்தாவோட தலைச்சுத்தலுக்குக் கார்தான் காரணம்னு எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கல. நானும் சத்தியம் பண்ண மாட்டேன். போன மாசம் மறுபடி கண் டாக்டர்கிட்ட போனோம். அப்பா அவராவே பின் கண்ணாடியை இறக்கினார். அப்பத்தா சொல்லுச்சு: "ஏத்திவிடுப்பா, தூசி வருது."

நான் கேட்டுக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். உங்க வண்டியோட சர்ட்டிபிகேட்டை இன்னைக்கு எடுத்துப் பாருங்க. பாஸா ஃபெயிலான்னு மட்டும் பார்க்காதீங்க, அந்த நம்பர்களைப் படிங்க. போன தடவை நம்பரோட ஒப்பிட்டுப் பாருங்க. குழாயே விடாம வந்த பேப்பர்னா அதைத் தூக்கி ஓரமா வச்சுட்டு, வண்டியை நிஜமாவே ஒரு தடவை டெஸ்ட் பண்ணுங்க. வீட்டுல யாராவது "வாடை அடிக்குது"ன்னு சொன்னா, வயசைக் காரணம் சொல்றதுக்கு முன்னாடி சைலன்சரைக் குனிஞ்சு பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.