பிள்ளையை விட்டுட்டு வேலைக்குப் போனப்போ
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் பேசியது)

கடன் வாங்கி முன்னேறினதைப் பத்தி நிறைய பேர் பேசிட்டாங்க. எனக்கு மைக் பிடிச்சுப் பழக்கமில்லை, பத்தாவதோட நின்னவ. எனக்குத் தெரிஞ்ச ஒரு விஷயத்தைச் சொல்லிட்டு உக்காந்துடறேன்.

என் ரெண்டாவது பையனுக்கு நாலு மாசம் முடிஞ்ச சமயம், ஒரு தையல் கூடத்தில் பள்ளிச் சீருடை தைக்க ஆள் கேட்டாங்க. காலையில் ஒன்பது மணிக்குப் போனா சாயங்காலம் ஐந்தரை ஆகும். எனக்குக் குழுக் கடனில் மூணு தவணை நிலுவை. கூட்டத்தில் என் பேரை வாசிக்கும்போது தரையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அதனால வர்றேன்னு சொல்லிட்டேன். ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர தண்ணிகூட வேண்டாம்னு செவிலியர் சொன்னது தெரியும். ஆனா பகல் பூரா பிள்ளை என்ன குடிப்பான்? டவுனில் ஒரு பால் புட்டி வாங்கிட்டு வந்தேன்.

வேலைக்குக் கிளம்புற அன்னிக்குக் காலையில்தான் முதல் தடவையா அதை வாயில் வச்சேன். ரப்பரை நாக்கால தள்ளிட்டான். முதுகை வளைச்சுக்கிட்டு கத்தினான். அப்படியே அத்தை கையில் கொடுத்துட்டுப் போயிட்டேன். ரெண்டு நாள் சரியாவே குடிக்கலை. மூணாவது நாள் அழுகை தாங்காம அத்தை பாக்கெட் பாலில் தண்ணி கலந்து புட்டியில் கொடுத்திருக்காங்க. பசி தாங்காம குடிச்சுட்டான். எல்லாரும் சந்தோஷப்பட்டோம். புட்டியைக் குழாய்த் தண்ணியில் கழுவிக் கவிழ்த்து வச்சிருந்தாங்க. அந்த வாரமே வயித்தால போக ஆரம்பிச்சு, ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். உப்பு சர்க்கரைக் கரைசலும், 14 நாளைக்கு ஜிங்க் மருந்தும் கொடுத்தாங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்கன்னாங்க.

வீட்டுக்காரர் "காசு காசுன்னு பறந்தியே"ன்னு ஒரு வார்த்தை சொன்னார். அதுக்கு எங்கிட்ட பதில் இல்லை. ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த வாரம் பூரா தையல் மெஷின் முன்னாடி எனக்கு மாரு கட்டி, ரவிக்கை நனைஞ்சு, கக்கூஸுக்குள்ள போய் பாலைப் பீச்சிக் கொட்டிட்டு வந்தேன். அங்க பிள்ளை பாலுக்கு அழுவுது, இங்க நான் சாக்கடையில் விடறேன். இது எனக்குத் தோணவே இல்லை பாருங்க.

எங்க கிராம சுகாதாரச் செவிலியர்தான் வீட்டுக்கு வந்து, "அந்தப் பாலையே எடுத்து வச்சுட்டுப் போ, புட்டி வேண்டாம், பாலாடையில் கொடுக்கச் சொல்லு"ன்னாங்க. பாலாடைன்னா பால் மேல படியுற ஆடை இல்லை. மூக்கு வச்ச சின்னக் கிண்ணம், நம்ம ஊர்ச் சங்கு மாதிரி. அத்தை உடனே பரணில் ஏறி எங்க வீட்டுக்காரருக்குப் பால் புகட்டின சங்கை எடுத்துட்டு வந்துட்டாங்க! ஆனா பழைய முறைப்படி காலை நீட்டி, பிள்ளையைப் படுக்கப் போட்டு வாயில் ஊத்தினாங்க. புரையேறிப் போச்சு. செவிலியர் நிறுத்திட்டு, மடியில் நிமிர்த்தி உக்கார வச்சு, சங்கு மூக்கைக் கீழ் உதட்டில் தொடுற மாதிரி சாய்ச்சுக் காட்டினாங்க. ஊத்தக் கூடாது. அவனே நாக்கை நீட்டி எடுத்துக்கணும். விழுங்கினப்புறம்தான் அடுத்தது. வாயை மூடிக்கிட்டா விட்டுடணும், மூக்கைப் பிடிக்கிற வேலையே கூடாது.

இன்னொண்ணு, நான் கொடுத்தா குடிக்கலை. என் வாசனை தெரிஞ்சதும் மாரைத்தான் தேடினான். அதனால நான் பக்கத்து வீட்டுக்குப் போயிடுவேன், அத்தை கொடுப்பாங்க. பசி உச்சத்தில் கத்தும்போது இல்லாம, லேசா வாயைச் சப்பும்போது ஒரு நாளைக்கு ஒரு தடவைன்னு பழக்கினோம். முதல் நாள் பாதி பால் கழுத்தில் வழிஞ்சுது. பத்து நாளில் பழகிட்டான். அந்தப் பத்து நாள் கூலி போச்சு. வேலைக்குப் போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா கூலியும் போயிருக்காது, பிள்ளையும் படுத்திருக்க மாட்டான்.

பால் எடுக்கிறது கஷ்டமில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவி, கொதிக்க வச்ச மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் எடுக்கணும். காம்பை இழுக்காம, கருவட்டத்துக்குப் பின்னாடி பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வச்சு, நெஞ்சுப் பக்கம் அழுத்தி விடணும். முதல் நாள் ரெண்டு சங்கு அளவுதான் வந்தது, அழுதுட்டேன். அப்புறம் போகப் போகக் கூடிச்சு. வெளியில நாலு மணி நேரத்துக்குள்ள கொடுத்துடணும். ஃப்ரிட்ஜில் உள்பக்கமா வச்சா ஒரு நாள். மேலவீட்டு அக்கா ஃப்ரிட்ஜில்தான் வச்சோம். பால் தண்ணியா நீலம் பாரிச்சு, மேல ஆடை பிரிஞ்சு நிக்கும். அத்தை கெட்டுப்போச்சுன்னு ஒரு தடவை கொட்டிட்டாங்க. கெடலை, அது அப்படித்தான். அடுப்பில் காய்ச்சாம, சுடுதண்ணியில் தூக்கை வச்சு இதமாக்கி, லேசா கலக்கிக் கொடுக்கலாம். பிள்ளை குடிச்சு மிஞ்சினதை எடுத்து வைக்கக் கூடாது.

புட்டிதான் வேணும்னு சிலருக்கு நிலைமை இருக்கும், அவங்களை நான் குறை சொல்லலை. ஒவ்வொரு தடவையும் புட்டி, ரப்பர் எல்லாத்தையும் பிரிச்சுக் கழுவி, பத்து நிமிஷம் கொதிக்க வைக்கணும். தலகாணியில் முட்டுக் கொடுத்துட்டுப் போகாம, கையில் பிடிச்சுக் கொடுக்கணும். பால் புட்டிக்கு விளம்பரம் செய்யவே கூடாதுன்னு 1992லேயே சட்டம் வந்திருக்குன்னு செவிலியர் சொன்னப்போதான் எனக்குத் தெரியும்.

மதியம் எடுத்த பாலை எங்க வீட்டுக்காரர் வண்டியில் வந்து வாங்கிட்டுப் போவார். முதல் நாள் வெட்கப்பட்டு தூக்கைத் துண்டுக்குள்ள மறைச்சுக்கிட்டார். ஒரு வாரம் போனதும் ஹேண்டில்பாரில் மாட்டிக்கிட்டுப் போனார். ஆனா பால் எடுக்க அங்க இடம் கிடையாது. மேற்பார்வை பார்த்தவர் "கக்கூஸ் இருக்கே"ன்னுட்டார். கூட தைச்ச மூணு பேர் சீருடைத் துணியைத் திரையா பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, நான் மூலையில் உக்காந்து எடுத்தேன். அவங்களுக்கும் அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது, பீஸ் கணக்குதான். அந்த மூணு பேரும் இன்னிக்கு இங்க உக்காந்திருக்காங்க.

கடன் அடைச்சாச்சு. பையன் இப்போ அங்கன்வாடிக்குப் போறான். 2015ல நம்ம தமிழ்நாட்டில் பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறை திறந்தாங்க. நம்ம கூட்டமைப்புக் கட்டடத்துக்கு மாசா மாசம் கைக்குழந்தையோட எத்தனை பேர் வர்றோம்? அலுவலகத்துக்குப் பின்னாடி ஒரு அறையில் உடைஞ்ச நாற்காலியும் பழைய பேனரும் கிடக்கு. அதைக் காலி பண்ணி, ஒரு நல்ல நாற்காலி, ஒரு வாளித் தண்ணி, சோப்பு, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடுக்கணும்னு தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேட்டுக்கறேன். சாவி பொருளாளர் அக்காகிட்டதான் இருக்கு. நாளைக்கே கூட்டிப் பெருக்க நான் வர்றேன்.