கணினி எழுப்பும் ஒலிகள்

மேசைக் கணினியின் பொத்தானை அழுத்தியும் திரையில் ஒன்றும் தெரியவில்லை என்றால், முதலில் வேலை காதுக்குத்தான். மின்விசிறியின் இரைச்சலே கேட்காவிட்டால் உள்ளே மின்சாரம் போகவில்லை. பிளக்கையும், பெட்டியின் பின்புறமுள்ள சிறு சுவிட்சையும் பார்த்த பிறகே எஸ்எம்பிஎஸ் மீது சந்தேகம் வர வேண்டும். 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தருவது அதுதான். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம். அதை வீட்டில் திறக்கவே கூடாது, முழுதாக மாற்றிவிட வேண்டும்.

விசிறி சுழன்றும் திரை இருண்டே கிடக்கிறதா? 'பீப்' ஒலி வருகிறதா என்று கேட்க வேண்டும். மதர்போர்டு தொடங்கும்போதே தன்னைச் சோதித்துக்கொள்கிறது. கண்ட குறையைத் திரையில் காட்ட முடியாதபோது ஒலியால் சொல்கிறது. எத்தனை பீப், எவ்வளவு நீளம் என்பதன் பொருள் போர்டுக்குப் போர்டு மாறும், கையேட்டில் இருக்கும். பழைய கணினிகளில் இந்தக் கூப்பாட்டுக்குப் பெரும்பாலும் காரணம் ரேம். பிளக்கைக் கழற்றி, பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, ரேமை எடுத்து, அதன் பொன்னிற விளிம்பை அழிரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, பூட்டு 'டக்'கென்று விழும்வரை அழுத்திப் பொருத்தினால் பல கணினிகள் எழுந்து உட்கார்ந்துவிடும். சர்வீஸ் கடையிலும் முதலில் நடப்பது இதுதான். அங்கே பில் போடுவார்கள், அவ்வளவே.

விசிறி பேரிரைச்சலிட்டு, சிறிது நேரத்தில் கணினி தானே அணைந்தால், குற்றவாளி பெரும்பாலும் தூசி. பல பிராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் நின்றுவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் துடைக்கலாம்.

சத்தமே போடாத கோளாறும் ஒன்று உண்டு. ஒவ்வொரு நாளும் தேதி பழைய ஆண்டுக்குப் போய் நிற்கும். இணையதளங்கள் பாதுகாப்பற்றவை என்று பிரவுசர் மிரட்டும். மதர்போர்டிலுள்ள சிஆர் 2032 என்னும் 3 வோல்ட் பொத்தான் பேட்டரியை மாற்றி, தேதியைத் திருத்தினால் போதும்.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று கேட்டால் மட்டும் பழுதுபார்க்கும் ஆசையை விட்டுவிட வேண்டும். படங்களையும் ஆவணங்களையும் உடனே வேறொன்றுக்கு நகலெடுப்பதே முதல் வேலை. எஸ்எஸ்டி போட்ட கணினியில் இந்த எச்சரிக்கையும் கிடையாது. அது ஓசையின்றியே நின்றுபோகும்.