பதியமும் தேறலும்



'தேறு' என்னும் வினைக்குத் தெளிதல் என்பது பொருள். அதனடியாகப் பிறந்த 'தேறல்' தெளிந்த மதுவைச் சுட்டும். நெடிய மூங்கிற் குழாயில் முதிர்வித்த தேறலைத் திருமுருகாற்றுப்படை காட்டும். நக்கீரர் பாண்டியனை வாழ்த்தும் 56ஆம் புறப்பாடல், யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பேசும். காத்திருந்து தெளிவிப்பதே மதுவின் கலை என்பதை இச்சொல்லே உணர்த்துகிறது. அக்கலைக்குப் பெயர்பெற்ற நிலம் பிரான்சின் ஷாம்பெய்ன்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், அமெரிக்காவிலிருந்து வந்த பில்லாக்சரா என்னும் நுண்பூச்சி பிரான்சின் திராட்சை வேர்களை அழித்தது. அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்க வேரின்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டியே தோட்டங்கள் மீட்கப்பட்டன. மிகச் சில துண்டு நிலங்களில் மட்டும் கொடிகள் சொந்த வேரிலேயே பிழைத்தன. பொலிஞ்சர் நிறுவனத்துக்கு ஆயி என்னும் ஊரில் இரண்டும் பூஸி என்னும் ஊரில் ஒன்றுமாக அத்தகைய நிலங்கள் இருந்தன. அவற்றின் கனியைத் தனி மதுவாக்கியவர் லில்லி பொலிஞ்சர் அம்மையார். 1969ஆம் ஆண்டு அறுவடையே அதன் முதற்பேறு. 'பழைய பிரெஞ்சுக் கொடிகள்' என்பது அம்மதுவின் பெயர்ப்பொருள்.

இக்கொடிகளைப் புதுப்பிக்கும் முறை கருதத்தக்கது. முதிர்ந்த தண்டை வளைத்து மண்ணுள் புதைத்துப் பதியம் போடுவர். புதைந்த தண்டு வேர்விட, புதுத்தளிர் எழும். அதனால் கொடிகள் வரிசையின்றிக் கூட்டமாய் நிற்கும், எந்திரம் நுழையாது, மனிதக் கையும் குதிரையுமே உழைக்கும். விளைவதோ சில ஆயிரம் புட்டிகளே.

புட்டிக்குள் மது மீண்டும் நொதிக்கும்போது குமிழி பிறக்கிறது. பின்னர் ஈஸ்ட்டின் மண்டியோடு நிலவறையில் பல்லாண்டு கிடந்து சுவையேறுகிறது. மண்டியைக் கழுத்துக்கு இறக்கி வெளியேற்றியபின் மது தேறுகிறது. வாங்கியவரும் காத்திருக்கலாம். ஒளியும் அதிர்வும் அணுகாத இடத்தில், 10 முதல் 12 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில், தக்கை உலராமல் வைத்தல் வேண்டும். ஆண்டு செல்லச் செல்லப் பொன்னிறம் அடரும்; குமிழி மெலியும்; பழ மணம் விலகித் தேனும் வாதுமையும் வாட்டிய ரொட்டியும் மணக்கும். இடை அகன்று வாய் குவிந்த கிண்ணத்தில் ஊற்றி, முதலில் முகர்ந்து, பின்னரே சிறு மிடறாகச் சுவைப்பர். மிகக் குளிர்ந்தால் மணம் ஒடுங்கிவிடும்.

2004இல் பூஸி நிலத்தையும் பில்லாக்சரா கொண்டுபோயிற்று. அந்நிலத்தின் சுவை இனி அதற்கு முன் அடைத்த புட்டிகளில் மட்டுமே உண்டு. திறந்தால் ஒரு புட்டி குறையும். திறவாது வைத்தாலோ குமிழி அடங்கி, சுவை கெட்டு, ஒருவருக்கும் பயனின்றிப் போகும். ஆகவே காத்தவர் உரிய பருவத்தில் திறந்து பகிர்தலே முறை. ஆயியின் இரு நிலங்களுக்கும் அதே இடர் உண்டு. ஒட்டுக்கட்டினால் அது நீங்கும். ஆனால் சொந்த வேர் போய்விடும். அதனால் உழவர் இன்றும் பதியமே போடுகின்றனர்.

பத்தாண்டு கண்ட ஓர் இலக்கிய வட்டத்துக்கும் இவ்விரு பணிகளும் உரியவை. இம்மலர் நிலவறை, அரங்கேறிய கவிதைகளை அது காக்கும். எனினும் நிலவறை புதிய கனியைத் தாராது. முதன்முறையாகக் கவிதை படிக்க எழுந்து நிற்கும் இளையவருக்கு மூத்த கவிஞர் செவிசாய்க்கும் மாலைதான் பதியம். அடுத்த பத்தாண்டில் அம்மாலைகள் பெருகுக!